பூக்கடையில் ஒரு சீர்த்தட்டு, நாலு கடைக்கு வியாபாரம்

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை பாப்பாவுக்கு நிச்சயதாம்பூலம். பதினோரு தட்டு வேணும். நீங்களே ஜோடிச்சுக் கொடுத்திருவீங்களா?"

வாசுதேவநல்லூர் போன்ற ஊர்களில் பூக்கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. "அதெல்லாம் நம்மகிட்ட கிடையாதும்மா, மாலையும் சரமும் மட்டும்தான்" என்று பதில் சொன்னால் அந்த வாடிக்கையாளர் ராஜபாளையத்துக்கோ சங்கரன்கோவிலுக்கோ தென்காசிக்கோ பஸ் ஏறிவிடுவார். போகிறது தட்டு மட்டும் என்று நினைக்கக் கூடாது. தட்டில் வைக்கும் பழம், கற்கண்டு, முந்திரி, பேரீச்சை, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், வளையல் எல்லாமே அங்கேயே வாங்கப்பட்டுவிடும். நம் ஊர்ப் பூக்கடைக்குப் போனது கொஞ்சம். மளிகைக்கும் பழக்கடைக்கும் போனது அதைவிட அதிகம்.

சரி, "ஆகட்டும்" என்று ஒப்புக்கொண்டவர்கள் எல்லோரும் லாபம் பார்த்தார்களா? அதுவும் இல்லை. அழகாகத் தட்டு ஜோடிக்கத் தெரிந்தும் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. காரணம் ஒன்றுதான். இந்த வியாபாரத்தில் லாபம் தட்டில் இருந்தாலும், நஷ்டம் தட்டில் இல்லை; தட்டுக்கு வெளியே மிஞ்சிக் கிடக்கும் சரக்கில் இருக்கிறது. அந்த மிச்சத்தை ஒழிக்க வழி தெரிந்தவருக்கு இது நல்ல தொழில். அந்த வழி தனிக்கடையால் முடியாது. பக்கத்துக் கடைகளும் சேர வேண்டும். ஆகவே இது பூக்கடைக்காரர்களுக்கு மட்டும் உரிய கட்டுரை அல்ல.

பழைய வழக்கம், புதிய கை

பரிசுக் கூடை என்பது ஏதோ மேல்நாட்டு நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் பக்கத்தில் செய்முறை என்ற சொல்லைத் தெரியாதவர் உண்டா? தலைப்பொங்கலுக்குப் பொங்கல்படி, புதுமணத் தம்பதிக்கு ஆடிச்சீர், தலைத் தீபாவளி, வளைகாப்பு, சடங்கு, காதுகுத்து, புதுவீட்டில் பால் காய்ச்சு என்று வருஷம் முழுவதும் ஏதாவது ஒன்று போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் பனையோலைப் பெட்டியிலும் நார்ப்பெட்டியிலும் சீர் போயிற்று. செட்டிநாட்டில் அழகாகப் பின்னிய ஓலைக் கொட்டான்களில் வைத்துக் கொடுத்தார்கள். பிறகு பித்தளைத் தாம்பாளமும் எவர்சில்வர் தட்டும் வந்தன.

மாறியிருப்பது ஒன்றுதான். முன்பு தட்டை ஜோடித்தவர்கள் வீட்டுப் பெண்களும் அக்கம்பக்கத்தாரும். இன்று பலருக்கு நேரமில்லை. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் விசேஷத்துக்கு முதல் நாள்தான் ஊருக்கு வந்து சேருகிறார்கள். அந்த வேலையைக் கூலிக்குச் செய்து கொடுக்க ஆள் தேவைப்படுகிறது. எந்த விசேஷமானாலும் பூ வாங்க வந்தே தீர வேண்டும் என்பதால் அவர்கள் கண்ணில் முதலில் படுவது பூக்கடை.

பூ மட்டும் போதாதா?

பூ விற்பவர் கஷ்டம் பூ விற்பவருக்குத்தான் தெரியும். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் காலையில் என்ன விலை என்பது அன்றைய வரத்தையும் முகூர்த்தத்தையும் பொறுத்தது. மார்கழி, தை பனியில் மல்லிகை வரத்து குறையும். சாதாரண நாளில் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போகும் மல்லிகை, பொங்கலையும் முகூர்த்தத்தையும் ஒட்டிச் சில ஆயிரம் ரூபாய்க்கு ஏறிவிடும். அந்த விலையில் வாங்கி முழக் கணக்கில் விற்கும்போது வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குகிறோம். சாயங்காலம் மிஞ்சியது மறுநாள் பாதி விலைக்கும் போகாது.

சீர்த்தட்டில் பூவின் பங்கு சிறியது. பூ விலை இரட்டிப்பானாலும் தட்டு விலை கொஞ்சம்தான் மாறும். தட்டில் நாம் விற்பது பெரும்பாலும் கைவேலையும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பும். இந்த இரண்டும் சாயங்காலம் வாடுவதில்லை. கல்யாணம் இல்லாத ஆடியில் ஆடிச்சீர், புரட்டாசியில் கொலுத் தாம்பூலம், மார்கழியில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று பூக்கடையின் மந்தமான மாதங்களிலும் இதற்குக் கொஞ்சம் ஓட்டம் இருக்கும்.

கணக்கைப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு பழத்தட்டை எடுத்துக்கொள்வோம். தொகைகள் ஊருக்கும் நாளுக்கும் ஏற்ப மாறும், முறைதான் முக்கியம்.

பழம் 350 ரூபாய், பூ 60, நெட் துணியும் ரிப்பனும் 40, ஜோடிக்கும் கூலி 70, தட்டுத் தேய்மானம் 10, சேதாரத்துக்கு 30. மொத்த அடக்கம் 560 ரூபாய். 650 ரூபாய்க்குக் கொடுத்தால் 90 ரூபாய் நிற்கும். 11 தட்டுக்கு 990 ரூபாய்.

இதில் பலரும் செய்யும் தவறு இரண்டு. முதலாவது, "ஜோடிக்கிறது வீட்டுக்காரிதானே" என்று கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. வீட்டு ஆள் செய்தாலும் கூலி கூலிதான். அவர் ஒரு நாள் படுத்துவிட்டால் வெளி ஆளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது தவறுதான் ஆபத்தானது. பெட்டியாக வாங்கினால் கிலோவுக்கு ஐந்தோ பத்தோ குறையும் என்று ஆப்பிளைப் பெட்டிக் கணக்கில் வாங்குகிறோம். தட்டுகளை முடித்த பின் 6 கிலோ மிஞ்சுகிறது. கிலோ 180 ரூபாய் என்றால் 1,080 ரூபாய். பழக்கடைக்காரர் என்றால் மறுநாள் விற்றுவிடுவார். பூக்கடையில் ஆப்பிள் வாங்க யார் வருவார்கள்? 990 ரூபாய் லாபம் போய், கையிலிருந்தும் 90 ரூபாய் போயிற்று. இரண்டு நாள் உழைப்பும் வீண்.

பக்கத்துக் கடைதான் நம் குடோன்

இதற்கு மருந்து, பூக்கடையில் சரக்கு இருப்பே வைக்காமலிருப்பது. பழம் பழக்கடையில் இருக்கட்டும். கற்கண்டும் முந்திரியும் மளிகையில் இருக்கட்டும். வளையல், சீப்பு, கண்ணாடி ஃபேன்சி ஸ்டோரில் இருக்கட்டும். ஆர்டர் வந்த பின் எண்ணிக்கை போட்டு எடுத்தால் போதும். நாலு கடைக்காரர்கள் உட்கார்ந்து பேசி, கீழ்க்கண்டவற்றை ஒரு முறை முடிவு செய்துகொண்டால் போதும்.

பழத்தைப் பெட்டியாக அல்லாமல் எண்ணிக்கையாகக் கொடுக்க வேண்டும். சில்லறை விலையிலிருந்து சிறு கழிவு தர வேண்டும். முத்திரை பிரிக்காத மளிகைப் பொட்டலங்களைக் குறித்த நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். ஜோடித்து முடித்த பழத்தைத் திருப்பக் கூடாது. அது பூக்கடையின் பொறுப்பு. கணக்கைத் தனி நோட்டில் எழுதி, வாடிக்கையாளர் பணம் கொடுத்த அன்றே தீர்த்துவிட வேண்டும். இதில் கடைசி நிபந்தனை மிக முக்கியம். சேர்ந்து செய்யும் வியாபாரங்கள் முறிவது சரக்கினால் அல்ல, பாக்கியினால்தான்.

மளிகைக்காரருக்கு இதில் என்ன ஆதாயம் என்று கேட்கலாம். வெளியூருக்குப் போகவிருந்த விற்பனை அவர் கடைக்கு வருகிறது. கழிவு கொடுத்தாலும் ஒரே நாளில் 11 பொட்டலம் போகிறது. திரும்பி வருவது பிரிக்காத பொட்டலம் என்பதால் அவருக்கு நஷ்டமில்லை. அவர் கடைக்கு வந்து விசாரிப்பவரைப் பூக்கடைக்கு அனுப்பி வைத்தால் அடுத்த விசேஷத்திலும் அவருக்கே பங்கு.

ஆர்டர் எடுக்கும்போது பாதித் தொகையை முன்பணமாக வாங்குவது நல்லது. தட்டு எண்ணிக்கை, எந்தத் தட்டில் என்ன, எத்தனை மணிக்கு வேண்டும், தாம்பாளம் யார் எப்போது திருப்பித் தருவார் என்பதைச் சீட்டில் எழுதி ஒரு நகலை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட வேண்டும். தாம்பாளத்துக்குத் தனியாக ஈட்டுத்தொகை வாங்கத் தயங்கக் கூடாது. கல்யாண வீட்டில் தாம்பாளம் காணாமல் போவது யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் நஷ்டம் நம்முடையது.

தட்டு வாடாமல் இருக்க

பழுத்த வாழைப்பழம், ஆப்பிள், மாம்பழம் ஆகியவற்றிலிருந்து எத்திலீன் என்ற வாயு வெளியேறுகிறது. மற்றப் பழங்களைப் பழுக்க வைப்பதும் அதுதான், பூவைச் சீக்கிரம் வாட வைப்பதும் அதுதான். ஆகவே முதல் நாள் இரவே பழத்தையும் பூவையும் ஒரே தட்டில் வைத்து மூடிவிட்டால் காலையில் பூ சோர்ந்துவிடும். பழத்தை இரவில் அடுக்கலாம். பூவைக் காலையில் கடைசியாகத்தான் சுற்ற வேண்டும். பழக்கூடையும் பூக்கூடையும் ஒரே அறையில் நெருக்கமாக இருக்கவும் வேண்டாம்.

தண்ணீர் தெளித்த சரத்தைக் கற்கண்டு, சீனி, இனிப்புப் பெட்டிகள் மீது நேரடியாக வைத்தால் கசியும். நடுவில் ஒரு வாழையிலைத் துண்டு போட்டால் போதும். கார்பைடு கல் வைத்துப் பழுத்த பழத்தைத் தொடவே கூடாது. அது சட்டப்படி தடை செய்யப்பட்டது. விசேஷ வீட்டில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால் தட்டு கொடுத்த கடையின் பெயர்தான் முதலில் வரும். பொட்டலங்களின் காலாவதி தேதியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தே அடுக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. உணவுப் பொருள் சுற்றும் பிளாஸ்டிக் தாளும், துணி போலத் தோன்றும் நான்-ஓவன் பைகளும் இதில் அடங்கும். 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் தடையில் அலங்காரத் தெர்மாகோலும், இனிப்புப் பெட்டி மேல் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் சேர்ந்துவிட்டன. தெர்மாகோலில் மயில் செய்து தட்டில் வைத்த காலம் போயிற்று. ஓலைப் பெட்டி, மூங்கில் கூடை, நெட் துணி, வாழையிலை ஆகியவை போதும். பார்க்கவும் அவை நன்றாகவே இருக்கின்றன.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் பூக்கடைக்காரர் கவனமாக இருக்க வேண்டும். பூ வரி இல்லாத பொருள். வரி இல்லாத பொருளை மட்டும் விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் சாக்லேட், முந்திரி என்று வரியுள்ள பொருளைத் தம் பில்லில் சேர்த்தவுடன் நிலைமை மாறுகிறது. வரம்பைக் கணக்கிடும்போது பூ விற்பனையும் சேரும். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு வரம்பு 40 லட்சம் ரூபாய். தட்டு வாடகை, அலங்காரக் கூலி என்று சேவையும் செய்தால் 20 லட்சம்.

பதிவு செய்த கடை கவனிக்க வேண்டியது இன்னொன்று. பல பொருட்களை ஒரே கூடையில் வைத்து ஒரே விலை சொன்னால், அவற்றில் எதற்கு வரி அதிகமோ அந்த வரி முழுக் கூடைக்கும் விழும். பழத்துக்கு வரி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு 5 சதவீதம். சென்ட் பாட்டிலுக்கு 18 சதவீதம். மூன்றையும் ஒரே விலையில் கொடுத்தால் மொத்தத்துக்கும் 18 சதவீதம். ஒவ்வொன்றுக்கும் தனி விலை சொல்லி, தனித்தனியாக பில் போட்டால் அததற்கு உரிய வரிதான். அந்தந்தப் பொருளுக்கு அந்தந்தக் கடையே பில் கொடுத்தால் வேலை இன்னும் எளிது. சந்தேகமிருந்தால் ஆடிட்டரை ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

உணவுப் பொருள் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும். தீபாவளிக்கு முன்கூட்டியே கூடைகளைக் கட்டி அடுக்கி வைப்பவர்கள், பொட்டலப் பொருளுக்குரிய விவரங்களை அச்சிட வேண்டும் என்ற எடையளவுச் சட்ட விதியையும் மறக்கக் கூடாது. ஆர்டர் வந்த பின் கட்டுவதே இந்த வகையிலும் நிம்மதி.

வெளியூர் ஆர்டர்

1910-ல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒரு ஊரில் இருப்பவர் வேறு ஊரில் உள்ள உறவினருக்குப் பூ அனுப்ப விரும்பினால், பூவை ரயிலில் அனுப்பாமல் தந்தி கொடுப்பது. அந்த ஊர்ப் பூக்கடைக்காரர் தம் கடைப் பூவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பிறகு இருவரும் கணக்குத் தீர்த்துக்கொள்வது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று பல நாடுகளில் நடக்கும் வெளியூர்ப் பூ விநியோகம். அதன் மூலதனம் பூ அல்ல, ஒரு கடை இன்னொரு கடை மேல் வைத்த நம்பிக்கை.

நமக்குத் தந்தி வேண்டாம். கையில் போன் இருக்கிறது, பணமும் அதிலேயே வருகிறது. சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அம்மாவின் அறுபதுக்கோ, தங்கையின் வளைகாப்புக்கோ தட்டு அனுப்ப ஆசைப்படுகிறார்கள். ஜோடித்த தட்டைப் படம் எடுத்து அனுப்பி, சரி என்று சொன்ன பின் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தக் குடும்பம் அடுத்த முறை வேறு இடம் தேடாது. சிவகிரியிலும் புளியங்குடியிலும் இருக்கும் கடைகளோடு இதே ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம்.

முதலில் பெரிதாக எதுவும் வேண்டாம். வருகிற முகூர்த்தத்துக்கு ஐந்து தட்டு ஆர்டர் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பழக்கடை அண்ணாச்சியிடமும் மளிகை அண்ணாச்சியிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள். விசேஷம் முடிந்த மறுநாள் நாலு பேரும் நோட்டைத் திறந்து, மிஞ்சியது எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். அந்தப் பக்கம் காலியாக இருந்தால் அடுத்த ஆர்டரைத் தைரியமாக எடுக்கலாம்.