இருதயத்தின் வாசல் எவ்வளவு அகலம்?



கர்ப்பிணித் தாய்மார் பரிசோதனை நாளில் ஒரு கணவனும் மனைவியும் என்னிடம் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றதால், மருத்துவர் எக்கோ எடுத்துவரச் சொல்லியிருந்தார். கையில் இருந்த சீட்டில் ஒரு வரியைக் காட்டி, "சார், வாசல் 1.8 தான் இருக்குதாம். எங்க மாமாவுக்கு 2.2 இருந்துச்சு. இவளுக்கு இருதயம் சுருங்கிப் போச்சுங்களா?" என்றார் கணவர். அந்தப் பெண் கண் கலங்கி நின்றார்.

"இல்லை தம்பி, உட்காருங்க" என்று அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

வாசல் என்பது எது?

இருதயம் நம் கைமுட்டி அளவுள்ள ஒரு தசைப் பம்ப். அதற்கு இரண்டு வெளிவாசல்கள் உண்டு. வலது வாசல் வழியாக இரத்தம் நுரையீரலுக்குப் போகிறது. இடது வாசல் வழியாக உடம்பு முழுவதற்கும் போகிறது. கர்ப்பப்பைக்குப் போவதும் இந்த இடது வாசல் வழியாகத்தான்.

பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இடது வாசலின் குறுக்களவு சுமார் 1.8 முதல் 2.2 சென்டிமீட்டர். ஏறக்குறைய கட்டைவிரல் தடிமன்தான். உடம்பு சிறிதானால் வாசலும் சிறிது, பெரிதானால் பெரிது. ஆறடி மாமாவின் அளவை ஐந்தடிப் பெண்ணோடு ஒப்பிடலாமா?

எப்படி அளக்கிறார்கள்?

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, மார்பில் குளிர்ச்சியான பசை தடவி, ஒரு சிறு கருவியை வைப்பார்கள். காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய், இருதயத்தில் பட்டு எதிரொலியாகத் திரும்பும். அதுவே திரையில் படமாகத் தெரியும். 1953-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும் இந்த முறைக்கு வழி திறந்தார்கள்.

இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும் நேரத்தில் படத்தை நிறுத்தி, வால்வுக்குச் சற்றுக் கீழே, ஒரு உள்சுவரிலிருந்து மறு உள்சுவர் வரை அளப்பார்கள்.

இதில் எக்ஸ்ரே கிடையாது. ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்பதும் இதில் தெரியாது. அதைக் கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஏன் அளக்கிறார்கள்?

விவசாயம் செய்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு அங்குலக் குழாய்க்கும் இரண்டரை அங்குலக் குழாய்க்கும் வித்தியாசம் அரை அங்குலம்தான். ஆனால் ஒரே வேகத்தில் ஓடினால், இரண்டரை அங்குலக் குழாயில் ஒன்றரை மடங்குக்கு மேல் தண்ணீர் வரும். இருதயத்திலும் அதே கணக்குதான். வாசலின் அகலமும் இரத்தம் பாயும் வேகமும் தெரிந்தால், ஒரு துடிப்புக்கு எவ்வளவு இரத்தம் வெளியேறுகிறது என்று கணக்கிடலாம்.

வாசல் 2 சென்டிமீட்டர் என்றும், ஒரு துடிப்பில் இரத்தம் 20 சென்டிமீட்டர் தூரம் பாய்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். துடிப்புக்குச் சுமார் 63 மில்லி. நிமிடத்துக்கு 72 துடிப்பானால் நாலரை லிட்டர். இதே வாசலை 1.8 என்று தவறாக அளந்துவிட்டால், கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். அதனால்தான் இரண்டு மூன்று முறை அளந்து பார்க்கிறார்கள். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

கர்ப்ப காலத்தில் இருதயம் வெளியேற்றும் இரத்தம் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூடும். வால்வு சுருங்கியிருந்தால் இந்தச் சுமையைத் தாங்குவது கடினம். அதை முன்கூட்டியே அறிந்தால் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றலாம்.

யார் தள்ளிப்போடக் கூடாது?

• சிறு வேலைக்கே மூச்சு வாங்குபவர்கள், இரவில் படுத்தால் மூச்சு முட்டுபவர்கள்
• நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம் உள்ளவர்கள்
• சிறு வயதில் காய்ச்சலோடு மூட்டு வீக்கம் கண்டவர்கள்
• இருதயத்தில் 'சத்தம்' இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள்

இவர்கள் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இருதய நோய் உள்ள பெண்கள் கருத்தடை மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடக் கூடாது. எந்த முறை ஏற்றது என்பதை மருத்துவர் சொல்வார்.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று? மருத்துவர் சீட்டை முழுவதும் பார்த்தார். வால்வு நன்றாகத் திறக்கிறது. இருதயமும் நன்றாகச் சுருங்கி விரிகிறது. அவர் உயரத்துக்கு 1.8 சரியான அளவே. மூச்சு வாங்கியதற்குக் காரணம் இரத்தசோகை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமாவது இருக்க வேண்டும். அவருக்கு 8 தான் இருந்தது. கொடுத்திருந்த இரும்புச்சத்து மாத்திரைகள் வீட்டுப் பரணில் அப்படியே இருந்தன! "இனி நானே எடுத்துக் கொடுத்துடறேன் சார்" என்றார் கணவர்.

ஆகவே, சீட்டில் உள்ள ஒரு எண்ணைப் பார்த்து நீங்களே முடிவுகட்டாதீர்கள். பழைய சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருந்து, கணவனும் மனைவியும் சேர்ந்தே வாருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.