அசைபவர், நிற்பவர்: சோழவரத்தில் ஒரு மாலை

படம் 'பிடிக்கிறது' என்கிறோம், 'எடுக்கிறது' என்கிறோம். இரண்டுமே ஒருவரிடமிருந்து ஏதோ ஒன்று கைமாறுவதைச் சொல்லும் வினைகள். ஆங்கிலத்தில் காமிராவைப் பற்றிப் பேசும்போது துப்பாக்கியின் சொற்கள் புழங்குவதை 1977இல் வெளியான தமது நூலில் சூசன் சொண்டாக் சுட்டிக்காட்டினார். தமிழில் துப்பாக்கி இல்லை, பிடி இருக்கிறது. செங்கல் சூளைக்கு முன்பணம் கொடுத்து 'ஆள் பிடிக்கிற' அதே பிடி. அது எங்கள் கையிலும் இருப்பது, மூன்று நண்பர்களோடு சோழவரத்தில் காமிராவும் கையுமாகச் சுற்றிய ஒரு மாலையில்தான் எனக்கு உறைத்தது.

சோழவரம் எங்களுக்குப் பழகிய இடம். ஏரிக்கரை, ஜி.என்.டி. சாலை, ஓரங்கட்டி நிற்கும் லாரிகள். வெளியே இருப்பவர்களுக்கு சோழவரம் என்றால் ஒன்று, சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. இன்னொன்று, பழைய கார் ரேஸ். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை பந்தயங்கள் நடந்தன. பிறகு அவை இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டன.

பந்தயப் படத்துக்கென்று ஓர் உத்தி உண்டு. காமிராவைக் காரோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே ஷட்டரைச் சற்றுக் கூடுதல் நேரம் திறந்துவைப்பது. ஓடுகிற கார் துல்லியமாக விழும். பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிற சனங்கள் கோடுகோடாக இழுபட்டுக் கரைந்துபோவார்கள்.

இதற்கு நேர்எதிரான படம் ஒன்று புகைப்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1838இல் பாரிசின் ஒரு பெருந்தெருவை தாகேர் எடுத்த படம். ஒளி பதியப் பல நிமிடங்கள் ஆனதால், தெருவில் போய்வந்த மனிதர்களும் வண்டிகளும் பதியவே இல்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒருவர் மட்டும் தெளிவாக விழுந்தார். மனித உருவம் பதிந்த மிகப் பழைய படமாகக் கருதப்படுவது இதுதான். ஆனால் கவனியுங்கள்: பாலிஷ் போட்டவர் வெறும் கலங்கலாகத்தான் தெரிகிறார். வேலை செய்கிறவர் அசைந்தார், அழிந்தார். வேலை வாங்கியவர் நின்றார், நிலைத்தார். யார் தெளிவு, யார் கலங்கல் என்பதை ஷட்டரின் கால அளவு தீர்மானிக்கிறது. ஷட்டர் யார் கையில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

இன்றைய காமிராவில் இந்தப் பேதம் ஒழிந்துவிட்டது என்றுதான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அந்தி வெளிச்சத்திலும் எல்லோரும் துல்லியமாக விழுகிறார்கள். எல்லோரையும் பதிவது ஒரு ஜனநாயகம் இல்லையா?

டீக்கடைப் பக்கம் நின்ற ஒரு இளைஞனை நண்பர் எடுத்தார். வட மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவன். க்ளிக் சத்தம் கேட்டதும் கையால் முகத்தை மூடிக்கொண்டான். பொது இடத்தில் எடுப்பதில் தப்பில்லை என்று நண்பர் வாதிட்டார். டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மா குறுக்கிட்டார்: 'அவன் யாருகிட்ட சொல்லிட்டு வந்தானோ, சொல்லாம வந்தானோ. உன் படம் எங்கெங்க போவும்னு உனக்கே தெரியாது. அழிச்சுடு தம்பி.'

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பிறகும் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருந்து ஒடிசாத் தொழிலாளர்களையும் இருளர் குடும்பங்களையும் மீட்டிருக்கிறார்கள். அந்த இளைஞனின் நிலைமை என்னவென்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட வட்டாரத்தில் 'இன்னார் இன்ன இடத்தில் நின்றார்' என்பது ஒரு தகவல். அது முதலாளி கைக்கும் போகலாம். தாகேரின் தெருவில் அழிந்துபோவது உழைப்பவனுக்கு இழப்பு. இங்கே அழிந்துபோக முடியாததே இழப்பாகிவிடலாம்.

அப்படியானால் எடுக்கவே கூடாதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 1908 முதல் அமெரிக்கக் குழந்தைத் தொழிலாளர்களை எடுத்த லூயிஸ் ஹைன், ஆலைக்குள் நுழையப் பொய்யும் சொன்னவர்தான். ஆனால் குழந்தைகளிடம் பெயர், வயது, வேலை கேட்டு எழுதிக்கொண்டார். அந்தப் படங்கள் சட்டத்துக்கான வாதமாயின. கேட்டு எழுதிய சில வரிகள்தான் பிடியைச் சாட்சியமாக மாற்றின. எங்களிடம் அந்த வரிகள் இல்லை. 'நல்ல லைட்' மட்டும் இருந்தது.

நண்பர் படத்தை அழித்து, திரையையும் அவனிடம் காட்டினார். அப்புறம் அந்த அம்மா, 'என்னை வேணா எடு, இரு வரேன்' என்று உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வந்து, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். இயல்பாக இல்லை, போஸ் என்று நாங்கள் ஒதுக்கித் தள்ளும் வகைப் படம். நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கிறவர், தாம் எப்படி நிலைக்க வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்த சில வினாடிகள் அவை. தெருப் புகைப்பட அழகியல் 'இயல்பு' என்று கொண்டாடுவதில் பாதி, எதிராளிக்கு அந்த வினாடிகளைத் தராமலிருப்பதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

'பிரிண்ட் போட்டுக் கொண்டாந்து குடுக்கணும்' என்றார். இன்னும் கொடுக்கவில்லை. அதுவரை அதுவும் பிடித்த படம்தான்.