பட்டினி கிடந்த உடம்பின் கணக்கு

2009 ஏப்ரலில் எங்கள் வீட்டில் ஆறு பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளைக் கஞ்சி. தண்ணீரில் அரிசி தேடும் கஞ்சி. அம்மா தன் பங்கைத் தம்பிக்கு ஊற்றிவிட்டு, "எனக்குப் பசிக்கேல்லை" என்பார். முகாமுக்கு வந்தபோது அவர் எலும்பும் தோலுமாக இருந்தார்.

இன்று அம்மாவுக்குச் சீனி வருத்தம். போன மாதக் கிளினிக்கில் "சாப்பாட்டைக் குறையுங்கோ" என்று ஏசி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து கேட்டார்: "அப்ப சாப்பிட இல்லை. இப்ப சாப்பிடுறன் எண்டு ஏச்சு. என்ர உடம்புக்கு என்னதான் வேணுமாம்?"

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். அம்மாவுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உடம்பும் ஒரு வீடுதான். அதற்கு வரவு, சேமிப்பு, செலவு என்று மூன்றும் உண்டு. வரவு, நாம் சாப்பிடுவது. செலவில் பெரும் பங்கு வேலைக்குப் போவதில்லை. சும்மா படுத்திருந்தாலும் இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் ஆகியவை இயங்கவேண்டும். பலருக்கு நாளாந்தச் சக்திச் செலவில் 60 முதல் 70 வீதம் வரை இதற்கே போகிறது. உணவைச் சமிக்க ஏறத்தாழ 10 வீதம். மீதிதான் நடை, வேலை எல்லாம்.

சேமிப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஈரலிலும் தசையிலும் உள்ள கிளைக்கோஜன் கைச்செலவுக் காசு மாதிரி. ஒரு நாள் பட்டினியில் ஈரலில் உள்ளது பெரும்பாலும் முடிந்துவிடும். கொழுப்புத்தான் வங்கிக் கணக்கு. ஒரு கிலோ உடற்கொழுப்பில் 7,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. பட்டினி நீண்டால் உடம்பு தன் தசையையும் கரைத்துத் தின்னும்.

இந்தக் கணக்கைப் பார்ப்பது மூளை. கொழுப்புக் கலங்கள் லெப்டின் என்ற ஹோர்மோனைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்கின்றன. 1994இல்தான் இது கண்டறியப்பட்டது. கையிருப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். உடனே மூளை பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். இதயத்துடிப்பு மெதுவாகும், உடம்பு குளிரும், சோர்வு வரும். அந்த நாட்களில் எனக்குச் சில மாதங்கள் மாதவிடாய் வரவில்லை. பயந்தேன். அது உடம்பு செய்த சிக்கனம் என்று பிறகுதான் விளங்கியது.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். பட்டினியால் வாடிய மக்களை எப்படி மீட்பது என்று அறிவதற்காகத் தாமாக முன்வந்தவர்கள். உடல் எடையில் கால்வாசி போனது. ஓய்விலிருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி ஏறத்தாழ 40 வீதம் குறைந்தது. திரும்ப உணவு கொடுத்தபோது வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. கொழுப்பு முதலில் திரும்பியது. தசை பிந்தியே வந்தது.

இன்னொன்று. அதே காலத்தில் ஜேர்மனியர் வழிமறித்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்கள் நடுத்தர வயதை அடைந்தபோது, குளுக்கோசைக் கையாளும் திறன் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. 2009இல் கருவிலிருந்த எங்கள் பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய இரத்தச் சீனியை இடைக்கிடை பார்ப்பது நல்லது.

பட்டினி மட்டும் காரணம் என்று சொல்லவரவில்லை. நிவாரணத்தில் வந்தது அரிசி, மா, சீனி, பருப்பு. வயலில் குனிந்து நிமிர்ந்த அம்மாவுக்கு இப்போது வயல் இல்லை. நித்திரையும் இல்லை. நித்திரைக் குறைவு பசியைக் கூட்டும். ஓயாத மனஅழுத்தம் இரத்தச் சீனியை ஏற்றும். இத்தனையையும் விட்டுவிட்டு "வாயைக் கட்டு" என்று ஏசுவதில் நியாயமில்லை.

அப்படியென்றால் என்ன செய்வது? திடீரென்று பட்டினி கிடக்கக்கூடாது. உடம்பு பழைய சிக்கனத்துக்குத் திரும்பும். சீனிக்குக் குளிசை, இன்சுலின் எடுப்பவர்கள் உணவைத் தவறவிட்டால் சீனி ஆபத்தாக இறங்கவும் கூடும். கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீன் அல்லது பருப்பு, கால்வாசி சோறு. தினமும் அரை மணி நேர நடை. வேலை செய்யும் தசை குளுக்கோசை உறிஞ்சும். அதனால் தசையைக் காப்பது மருந்துக்குச் சமம். மருந்தின் அளவை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் மாற்றவேண்டாம்.

அம்மா கோப்பையில் ஒரு பருக்கையும் மிச்சம் வைக்கமாட்டார். வைக்கச் சொல்ல எனக்கும் வாய் வராது. அதனால் கோப்பையைச் சின்னதாக்கினோம். மிஞ்சும் சோறு பானையில் தண்ணீர் ஊற்றி இருக்கும். விடிந்தால் பழஞ்சோறு, வீணாகாது. பின்னேரங்களில் அம்மாவும் நானும் கோயிலடி வரை நடந்துவிட்டு வருகிறோம்.