தூக்கத்தில் கத்துவதும் உதைப்பதும் பேய் வேலை இல்லை

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் ராத்திரி பரணில் படுத்துக் காவல் காக்கிற விவசாயிகள் நம்மில் பலர் உண்டு. சிலரைப் பற்றி வீட்டில் ஒரு புகார் இருக்கும்: "தூக்கத்துல யாரையோ திட்டறாரு, எட்டி உதைக்கிறாரு." உடனே மந்திரித்துத் தாயத்துக் கட்டிவிடுவார்கள். இது உடம்புக் கோளாறு. அதிலும் முக்கியமாக இரண்டு வகை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வைத்தியம் வேறு வேறு.

முதலாவது, தூக்கத்தில் மூச்சு அடைபடுவது. டாக்டர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' என்பார்கள். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்ளும். பத்து வினாடி, அதற்கு மேலும் காற்று போகாது. ஆக்சிஜன் குறைந்ததும் மூளை உடம்பை உலுக்கி எழுப்பும். அப்போது திணறல், கை கால் வீச்சு எல்லாம் வரும். மணிக்கு 30 தடவைக்கு மேல் நடந்தால் கடுமையான நோய். நம் நாட்டில் பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு, அதாவது 10.4 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2023இல் கணக்கிட்டார்கள்.

இரண்டாவது, கனவுத் தூக்கக் கோளாறு. கனவு காணும்போது கண்ணும் மூச்சும் தவிர மற்ற தசைகளை மூளை கட்டிப்போடும், மோட்டாருக்கு ஃபியூஸைப் பிடுங்கி வைக்கிற மாதிரி. அந்தக் கட்டு அவிழ்ந்தால் கனவில் பன்றியை விரட்டுகிறவர் நிஜத்திலும் கையை ஓங்குவார். 1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் என்ற டாக்டர்கள் இதை விவரித்தார்கள். இது வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பல வருஷம் கழித்து பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் வருகிறது.

நமக்கு முக்கியமான சேதி ஒன்று. 2012இல் பல நாடுகளில் இந்தக் கோளாறு உள்ள 347 பேரையும் இல்லாத 347 பேரையும் ஒப்பிட்டார்கள். தொழிலில் பூச்சிக்கொல்லியோடு புழங்கியவர்கள் நோயாளிகளில் 11.8 சதவீதம், மற்றவர்களில் 6.1 சதவீதம். மருந்துதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனாலும் இயற்கை விவசாயத்துக்கு மாற யோசிப்பவர்கள் மனதில் வைக்க வேண்டிய கணக்கு. முன்பு மருந்து அடித்தவர்கள் அதை டாக்டரிடம் சொல்லவும் வேண்டும்.

எப்படிப் பிரித்தறிவது? பலத்த குறட்டை, காலையில் தலைவலி, பகலில் டிராக்டர் ஓட்டும்போதே கண் சொருகுவது எல்லாம் மூச்சடைப்பின் அடையாளம். விடியற்காலம் கத்தி, எழுப்பினால் தெளிவாகக் கனவைச் சொன்னால் இரண்டாவதாக இருக்கலாம். ஆனால் 2005இல் பார்சிலோனா டாக்டர்கள் கனவுக் கோளாறு போலவே தெரிந்த 16 பேரைச் சோதித்தார்கள். கடுமையான மூச்சடைப்புதான் காரணமாக இருந்தது. மூச்சுக் கருவி வைத்தவர்களுக்கு உதையும் கத்தலும் நின்றன. வங்கியில் சிட்டா அடங்கல் பார்க்காமல் கடன் மனுவில் கையெழுத்துப் போட மாட்டோம். அதே மாதிரி, ராத்திரி முழுக்கக் கருவி பொருத்திச் செய்யும் தூக்கப் பரிசோதனை இல்லாமல் முடிவு கட்டக்கூடாது. முதலில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். நரம்புக்கு பெங்களூரு நிம்ஹான்ஸும் நமக்குப் பக்கம்தான்.

அதுவரை அவர் பரணில் படுக்க வேண்டாம். தரையில் பாய் போட்டுப் படுக்கட்டும். அரிவாள், மண்வெட்டி, டார்ச் லைட் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. ராத்திரி குடி தொண்டையை இன்னும் தளர்த்தும், அதை விட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை கூடாது. வீட்டுக்காரம்மா செல்போனில் ஒரு ராத்திரி வீடியோ எடுத்துக் கொண்டுபோனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.