அன்னிக்கு நல்லாத்தான் இருந்தாங்க... பத்து நாள் கழிச்சு ஏன் பயம் வருது?

2024 டிசம்பர் 12-ம் தேதி இரவு, திண்டுக்கல் - திருச்சி சாலையில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. லிஃப்ட்டுக்குள் சிக்கியவர்கள் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். இறந்தவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. மற்ற நோயாளிகளை மீட்டு, ஆம்புலன்ஸ்களில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

இப்படி ஒரு விபத்தில் உடம்பில் காயம் இல்லாமல் வெளியே வந்தவர்களை, 'நல்லவேளை தப்பிச்சிட்டாங்க' என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அவர்களும் அன்றைக்கு நன்றாகத்தான் பேசுவார்கள். ஒரு வாரம், பத்து நாள் போனபிறகுதான் சிலருக்குச் சிக்கல் ஆரம்பிக்கும். அடுப்பில் ஏதாவது கருகினால் நெஞ்சு படபடக்கும். லிஃப்ட் கதவு மூடினால் கை வியர்க்கும். 'அதான் ஒண்ணும் ஆகலையே, இப்ப என்ன புதுசா பயம்?' என்று வீட்டிலேயே கேட்பார்கள். இந்தக் கேள்விக்கான பதில் நம் ஹார்மோன்களில் இருக்கலாம்.

ஆபத்து என்று தெரிந்த நொடியில், சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும். இதயம் வேகமாகும், கால்கள் ஓடத் தயாராகும். இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அதே அட்ரினலின் நினைவிலும் கை வைக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். அது மூளைக்குள் நேரடியாக எளிதில் நுழைய முடியாது. அதனால் வேகஸ் என்ற நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் போகிறது. அங்கே சுரக்கும் நார்அட்ரினலின், பாதாம் பருப்பு வடிவத்தில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதியை உசுப்பிவிடுகிறது. 'இதை மறந்துடாதே' என்று மற்ற பகுதிகளுக்கு உத்தரவு போடுவது அமிக்டலாதான்.

1994-ல் லாரி கேஹில், ஜேம்ஸ் மெக்காஃப் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் இதை மனிதர்களிடமே சோதித்தார்கள். ஒரே படங்களைக் காட்டி இரண்டு கதைகள் சொன்னார்கள். ஒன்று சாதாரணக் கதை. இன்னொன்றில் அம்மாவோடு போகும் சிறுவன் மீது கார் மோதுகிறது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, விபத்துக் கதைதான் பலருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால், அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையை முன்கூட்டியே சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கூடுதல் ஞாபகம் இல்லை. சாதாரணக் கதையை மட்டும் மற்றவர்கள் அளவுக்கே நினைவு வைத்திருந்தார்கள்.

சரி, அந்தப் பத்து நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? பெங்களூரில் இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியின் குழு செய்த ஆய்வு, 2005-ல் வெளியானது. எலிகளை ஒரே ஒருமுறை, 2 மணி நேரம் அசையவிடாமல் வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் அமிக்டலாவில் மாற்றமே இல்லை. 10 நாள் கழித்துப் பார்த்தால், நரம்பு செல்களில் புதிய இணைப்பு முனைகள் முளைத்திருந்தன. எலிகளின் பதற்றமும் கூடியிருந்தது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், 'அன்னிக்கு நல்லாத்தானே இருந்தே' என்று யாரையாவது கேட்பதற்கு முன் இந்த எலிகளை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

இதே குழு 2012-ல் சொன்னது இன்னும் சுவாரஸ்யம். மன அழுத்த ஹார்மோன் என்றாலே கெட்டது என்று நினைக்கிறோம், இல்லையா? அந்த ஹார்மோனை முன்கூட்டியே கொடுத்த எலிகளில் மேலே சொன்ன தாமதப் பாதிப்பு தடுக்கப்பட்டது. மனிதர்களில் அதற்கு இணையான ஹார்மோன் கார்ட்டிசால். எப்போது, எவ்வளவு சுரக்கிறது என்பதைப் பொறுத்து அது பயத்தை வளர்க்கவும் செய்யலாம், அடக்கவும் செய்யலாம். இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் ஸ்டீராய்டு மாத்திரை கேட்டு நிற்க வேண்டாம். நேரமும் அளவும் தப்பினால் பலன் தலைகீழாகும். புரோப்ரனலாலும் அப்படித்தான். விபத்துக்குப் பிறகு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை.

பெண்களுக்கு இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. பயத்தை மூளை அழிப்பதில்லை. 'இப்ப ஆபத்து இல்ல' என்ற புதிய பாடத்தை அதன்மேல் எழுதுகிறது. மாதவிடாய்ச் சுழற்சியில் ஈஸ்ட்ரோஜன் அதிகமாக இருக்கும் நாள்களில் இந்தப் பாடம் நன்றாகப் பதிகிறது என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. விபத்துக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பு பெண்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு அதிகம். அதற்கு ஹார்மோன் மட்டுமே காரணம் இல்லை என்றாலும், 'பொம்பளைங்கன்னா பயந்தாங்கொள்ளி' என்று இனி யாராவது சொன்னால் கொஞ்சம் முறைக்கலாம்.

நம் ஊர்களில் பயந்த குழந்தைக்குச் சுத்திப்போடுவோம், பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போய் ஓதிவிடச் சொல்வோம். அப்பத்தா மடியில் போட்டுத் தட்டிக்கொடுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் முதல் நாள்களில் செய்யச் சொல்வதும் ஆறுதலாகப் பக்கத்தில் இருப்பது, உணவு, பாதுகாப்பு போன்ற அடிப்படை உதவிகள்தான். செய்யக் கூடாததையும் அது சொல்கிறது. தூக்கம் வரவில்லை என்று டயஸிபாம் வகை மாத்திரைகளை முதல் மாதத்தில் கொடுக்கக் கூடாது. நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வைப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. அவர்களாகப் பேசினால் கேளுங்கள், போதும்.

லிஃப்ட்டை, அந்தச் சாலையை, புகை வாசனையை முழுக்கத் தவிர்த்துக்கொண்டே போனால் மூளை அந்தப் புதிய பாடத்தை எழுத வாய்ப்பே கிடைக்காது. கூட ஒருவர் வர, முதலில் ஒரே ஒரு மாடி போய்ப் பார்க்கலாம். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், தூக்கமின்மை தொடர்ந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். வீட்டிலிருந்தே பேச, மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.