மருந்தும் சந்தையும் – 7: யார் வாங்கித் தருவது?

உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்களுக்கான மருந்துச் சந்தை எவ்வளவு பெரியது என்பதற்கு ஹுமிரா ஒன்றே சான்று. முடக்குவாதம், சொரியாசிஸ், குடல் அழற்சி எனப் பல நோய்களுக்குப் போடப்படும் இந்த அடலிமுமாப் ஊசி 2022-இல் மட்டும் 2,100 கோடி டாலருக்கு மேல் விற்றது. அடுத்த ஹுமிரா எது என்பதுதான் சந்தைக் கணிப்பாளர்களின் கவலை. பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்திலிருந்து பார்த்தால் கவலை வேறு. சேமிப்புப் பட்டறையிலிருந்து எடுத்த சின்ன வெங்காயத்தின் தாளைக் கிள்ளிச் சருகு உதிர்ப்பது முழுக்க விரல் வேலை. பெரும்பாலும் பெண்கள் செய்வது. முடக்குவாதமும் ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் விரல் கணுக்களைத்தான். எழுந்து ஒரு மணி நேரமாகியும் கை மடங்காத பெண்ணுக்கு அன்றைய கூலி போய்விடும். அவருக்கு வேண்டிய மருந்துகளில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. அதை அவர் கையில் சேர்க்கும் கொள்முதலில்தான் இத்துறையின் அடுத்த பத்தாண்டு இருக்கிறது என்பது என் வாதம்.

பழைய மருந்துகளிலிருந்தே தொடங்கலாம். மெத்தோட்ரெக்சேட் மலிவான மாத்திரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடவேண்டியது. தினமும் சாப்பிட்டுவிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து என்பதால், எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் பெரிதாக எழுதித் தருவதும் சிகிச்சைதான். இது மட்டும் போதாதவர்களிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2013-இல் வெளியானது. 353 பேரில் ஒரு சாராருக்கு சல்பாசலசைன், ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற இரு பழைய மாத்திரைகளைச் சேர்த்தார்கள். மறுசாராருக்கு விலையுயர்ந்த எட்டனர்செப்ட் ஊசி. 24 வாரத்தில் குணம் தெரியாதவர்களை மறுபக்கம் மாற்றினார்கள். ஓராண்டு முடிவில், மாத்திரையில் தொடங்கியவர்கள் ஊசியில் தொடங்கியவர்களுக்குச் சளைக்கவில்லை.

அப்படியானால் புதிய ஊசிகளே வேண்டாமா? வேண்டும். மாத்திரைக்கு அடங்காதவர்கள் இருக்கிறார்கள். முதுகெலும்பை இறுக்கும் வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் பெரிதாக உதவுவதில்லை. 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உலகிலேயே முதலாவதாக அடலிமுமாப் நகலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓர் ஊசி சுமார் 200 டாலர், அமெரிக்க விலையில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனாலும் மாதம் இரண்டு ஊசிக்கு அன்றைய மதிப்பில் 25,000 ரூபாய். எந்தக் கூலிக் குடும்பம் தாங்கும்?

விலையைக் குறைத்தால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்பார்கள். ஹுமிராவின் முதன்மைக் காப்புரிமை அமெரிக்காவில் 2016-இல் முடிந்தது. அதே மருந்தைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளை அடுக்கியதால் நகல்கள் அங்கே 2023 வரை வரமுடியவில்லை. அந்த ஆண்டுகளில் நோயாளிகள் கொடுத்த விலை பழைய மருந்துக்குத்தான். ஐரோப்பாவிலோ 2018 அக்டோபரில் நகல்கள் நுழைந்தன. மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கும் வட ஐரோப்பிய நாடுகளில் 80 சதவீதம் வரை தள்ளுபடி கிடைத்தது. நகல் தரம் குறைந்ததோ என்ற அச்சம் நியாயமானது. நார்வே அரசுப் பணத்தில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு இன்ஃப்ளிக்சிமாப் ஊசியில் இதைச் சோதித்தது. அசலிலிருந்து நகலுக்கு மாறியவர்கள், அசலிலேயே தொடர்ந்தவர்களைவிட மோசமாகவில்லை.

மொத்தக் கொள்முதல் நமக்குப் புதிதல்ல. 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதைச் செய்தே பெயர் பெற்றது. அதே வழியில் இந்த ஊசிகளையும் போதிய அளவு வாங்கி, மாவட்ட மருத்துவமனை வரை தடையின்றிக் கொண்டுவர வேண்டும். ஊசியோடு சோதனையும் வந்தாக வேண்டும். உள்ளே உறங்கும் காசநோயை இந்த ஊசிகள் எழுப்பிவிடும். உலகக் காசநோயாளிகளில் கால்வாசிப் பேர் இந்தியாவில். ஆகவே முதல் ஊசிக்கு முன்பே மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் முடிந்திருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவருக்கும் ரத்தமும் கல்லீரலும் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும். இவை பெரம்பலூரிலும், 2022-இல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஒரே நாளில் முடிந்தால், ஆலத்தூர் கேட்டில் பஸ் பிடித்துத் திருச்சிக்கு அலைபவரின் கூலி மிஞ்சும். சிகிச்சையைப் பாதியில் விடமாட்டார்.