7 சீசன், 7 பட்டம், கணக்கில் ஒன்றுகூட இல்லை: யார் இந்த 'டைகர்' ஷா?

உங்க ரெஸ்யூமேல 26 வயசுலேர்ந்து 33 வயசு வரைக்கும் காலியா இருக்குன்னு வெச்சுக்கோங்க. அந்த வருஷங்கள்ல நீங்க சும்மா இருக்கல. வாராவாரம் வேலை செஞ்சீங்க, டீமை ஜெயிக்க வெச்சீங்க. ஆனா, "அதெல்லாம் கணக்குல வராது" என்று சொல்லிவிட்டால்?

ஸ்காட்லாந்து கால்பந்து வீரர் ஜாக் ஷாவுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

யார் இவர்?

1912-ல் பிறந்த லெஃப்ட் பேக். எதிரணி விங்கரிடமிருந்து பந்தைப் பறிக்கும் ஆவேசத்தால் 'டைகர்' என்று பெயர். ஏர்ட்ரி நகர கிளப்பிலிருந்து 1938-ல் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் அணிக்கு வந்தார். முதல் சீசனிலேயே ரேஞ்சர்ஸ் லீக் சாம்பியன். நல்ல தொடக்கம்தான். ஆனால் 1939 செப்டம்பரில் போர் வந்துவிட்டது.

போர் வந்ததும் லீக் என்ன ஆச்சு?

ஐந்தே ஆட்டங்களோடு அந்த சீசன் கைவிடப்பட்டது. வீரர்களின் ஒப்பந்தங்களும் போச்சு. ஆனா ஆட்டம் நிற்கல. மக்களுக்கு மனத்தெம்பு வேணும்னு வட்டார அளவில் போட்டிகள் தொடங்கின. 1940 முதல் சதர்ன் லீக் நடந்தது. சம்பளம் வாரத்துக்கு 2 பவுண்டு மட்டுமே. பல வீரர்கள் ராணுவத்திலோ, போர்க்காலத் தொழிற்சாலைகளிலோ வேலை பார்த்துக்கொண்டே சனிக்கிழமை வந்து ஆடினார்கள்.

1939-40 வட்டாரப் பட்டம், அடுத்து ஆறு சதர்ன் லீக் பட்டங்கள் என ஏழையும் ரேஞ்சர்ஸ்தான் ஜெயித்தது. ரேஞ்சர்ஸ் வென்ற மொத்த லீக் பட்டங்களின் அதிகாரபூர்வ எண்ணிக்கையில் இந்த ஏழில் ஒன்றுகூட இல்லை.

ஏன் கணக்கில் சேர்க்கல?

காரணம் இல்லாமல் இல்லை. அணிகள் முழு பலத்தோடு ஆட முடியல. ஊர் மாறி வந்த வீரர்கள் வேறு கிளப்புக்கு 'கெஸ்ட்' ஆக ஆடலாம். லிவர்பூல் வீரர் மேட் பஸ்பி எடின்பரோவின் ஹிபர்னியனுக்கு ஆடியது அப்படித்தான். லீக்கின் அமைப்பே மாறிவிட்ட பிறகு, பழைய பட்டியலோடு இதைச் சேர்க்க முடியாது என்பதுதான் வாதம்.

சர்வதேச ஆட்டங்களுக்கும் இதே கதி. 1946 ஏப்ரலில் ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்தை 1-0 என வென்றது. பார்க்க வந்தவர்கள் சுமார் 1,39,000 பேர். ஸ்காட்லாந்தின் இரண்டு ஃபுல் பேக்குகளும் அண்ணன் தம்பி: ஜாக் ஷாவும், ஹிபர்னியனின் டேவிட் ஷாவும். கடைசி நேரத்தில் ஜிம்மி டெலானி அடித்த கோல்தான் வெற்றியைத் தந்தது. ஆனால் அது 'வெற்றி விழா' ஆட்டம். அதனால் அதிகாரபூர்வ 'கேப்' யாருக்கும் கிடையாது!

அப்புறம் என்ன ஆனார்?

ஷாவின் முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம் 1947 ஏப்ரலில், வெம்ப்ளியில். அப்போது அவருக்கு வயது 34. இன்று பல டிஃபெண்டர்கள் ஓய்வு பற்றி யோசிக்கும் வயசு! மொத்தம் கிடைத்தது நான்கே கேப்.

கிளப்பில் அவர் ஆட்டம் முடியல. ஜார்ஜ் யங், வில்லி உட்பர்ன், சாமி காக்ஸ் ஆகியோருடன் அவர் ஆடிய தற்காப்பு வரிசைக்கு 'இரும்புத்திரை' என்றே பெயர் வந்தது. 1948-49-ல் லீக், ஸ்காட்டிஷ் கப், லீக் கப் மூன்றையும் ஒரே சீசனில் ரேஞ்சர்ஸ் வென்றது. ஸ்காட்லாந்தில் அதற்கு முன் யாரும் செய்யாத சாதனை. கேப்டன், 36 வயது ஷா. பூட்ஸைக் கழற்றிய பிறகும் அதே கிளப்பில் பயிற்சியாளராகவும் மைதானப் பராமரிப்பாளராகவும் இருந்தார். 2000-ல் காலமானார்.

இதுல நமக்கு என்ன?

'நான்கு கேப்' என்று மட்டும் பார்த்தால், சாதாரண வீரர்னு தாண்டிப் போயிடுவோம். லிவர்பூலின் புகழ்பெற்ற மேனேஜர் பில் ஷாங்க்லிகூட வீரராக 5 அதிகாரபூர்வ ஆட்டங்கள்தான் ஆடினார். போர்க்கால ஆட்டங்கள் 7, அதாவது கணக்கில் வராததே அதிகம். எனவே அந்தத் தலைமுறை வீரர் யாருடைய புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும், முதலில் பிறந்த வருஷத்தைப் பாருங்க. 1939-க்கும் 1946-க்கும் நடுவே அவருக்கு என்ன வயசுன்னு கணக்குப் போடுங்க. அதுக்கப்புறம் அந்த எண்ணை எடை போடலாம்.